வாப்பா உம்மாவின் ஐரோப்பாப் பயணம்: ரயில் டிக்கெட்டை ஊரிலேயே எடுக்க வேண்டுமா?

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி. அவருடைய லாத்தாவும் (அக்காவும்) மச்சானும் ஜெர்மனியில், மியூனிக்குக்குப் பக்கத்து ஊரான ஆக்ஸ்பர்க்கில் இருக்கிறார்கள். வாப்பாவும் உம்மாவும் ஜூன் நடுவில் அங்கே போய் ஆகஸ்ட் கடைசி வரை தங்கப் போகிறார்கள். இடையில் ஒரு வாரம் இத்தாலி. திரும்பும் வழியில் கோலாலம்பூரில் இறங்கி, பினாங்கில் இருக்கும் சாச்சா (சித்தப்பா) வீட்டுக்குப் போய்விட்டுத் திருச்சிக்கு விமானம். ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர், "ரயில் டிக்கெட்டெல்லாம் இப்பவே போட்டுடணும், கடைசி நேரத்துல கிடைக்காது. மொத்தமா ஒரு ரயில் பாஸ் எடுத்துத் தர்றேன்" என்கிறாராம். எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம், தம்பி. முன்கூட்டியே எடுக்க வேண்டிய டிக்கெட் இந்தப் பயணத்தில் இரண்டு மூன்றுதான். மற்றதெல்லாம் அன்றன்றைக்கு, ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் எடுத்தால் போதும். அதுதான் மலிவும்கூட. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் நாளைக்கு வாப்பா பெல்ஜியம் போனாலும் உங்களால் கணக்குப் போட்டுக்கொள்ள முடியும்.

ரயில் என்றதும் நமக்கு மனதில் வருவது ரிசர்வேஷன். சேது எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போக 60 நாளைக்கு முன்பே காத்திருந்து போடுகிறோம். தவறினால் வெயிட்டிங் லிஸ்ட், தட்கல் என்று அலைகிறோம். ஆனால் ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் பாசஞ்சரில் போக யாராவது மாதக்கணக்கில் முன்பதிவு செய்கிறோமா? ஸ்டேஷனுக்குப் போய், கவுண்டரில் டிக்கெட் வாங்கி, கிடைத்த இடத்தில் உட்கார்கிறோம். நேற்று வாங்கினாலும் இன்று வாங்கினாலும் ஒரே விலை. ஐரோப்பாவிலும் ரயில்கள் இப்படி இரண்டு வகைதான். தூரத்துக்குப் போகும் வேக ரயில்கள் ஒரு வகை. பக்கத்து ஊர்களை இணைக்கும் வட்டார ரயில்கள் இன்னொரு வகை. டிராவல்ஸ்காரர் சொல்லும் பயம் முதல் வகைக்குப் பொருந்தும். வாப்பாவும் உம்மாவும் அதிகம் ஏறப்போவதோ இரண்டாவது வகையில்.

வித்தியாசத்தைப் பெயர்ப் பலகையில் இருக்கும் எழுத்தே காட்டிக்கொடுக்கும். ஜெர்மனியில் ஆர்.இ., ஆர்.பி., எஸ் என்று போட்டிருந்தால் வட்டார ரயில். ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. என்றால் தூர ரயில். இத்தாலியில் ரெஜியொனாலே என்ற பெயரும், ஆர் அல்லது ஆர்.வி. என்ற எழுத்தும் வட்டார ரயிலுக்கு. ஃப்ரெச்சாரோஸ்ஸா, இடாலோ, இன்டர்சிட்டி எல்லாம் தூர ரயில்கள். தூர ரயிலின் விலை விமான டிக்கெட்டைப் போல நாளுக்கு நாள் ஏறும். வட்டார ரயிலின் விலை தூரத்தைப் பொறுத்தது. மூன்று மாதம் முன்னால் வாங்கினாலும் ஐந்து நிமிடம் முன்னால் வாங்கினாலும் அதேதான். சீட் நம்பர் இல்லாததால் "டிக்கெட் தீர்ந்துவிட்டது" என்ற பேச்சும் கிடையாது. காத்திருப்பதால் ஒரு காசு நஷ்டமில்லை. லாபம் உண்டு: காலையில் மழை கொட்டினாலோ உம்மாவுக்கு முழங்கால் வலித்தாலோ, பயணத்தை நாளைக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக வீட்டில் இருக்கலாம்.

இப்போது அந்த ரயில் பாஸ். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக விற்கப்படும் யூரயில் பாஸைத்தான் அவர் சொல்கிறார் என்று நினைக்கிறேன். மோசமான பொருள் இல்லை. ஒரே மாதத்தில் நான்கைந்து நாடுகளைத் தூர ரயிலில் சுற்றும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது சரி. மகள் வீட்டில் தங்கி, வாரம் ஒருமுறை பக்கத்து ஊருக்குப் போய்வரும் பெற்றோருக்கு அது வேண்டாத செலவு. ஒரு பயண நாளுக்கு ஒரு ஆளுக்கு அதில் விழும் பணம், நான் கீழே சொல்லப்போகும் நாள் டிக்கெட்டைவிட நன்றாகவே அதிகம். போதாக்குறைக்கு, இத்தாலியின் வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். மியூனிக்கின் சுரங்க ரயிலிலும் டிராமிலும் அந்தப் பாஸ் செல்லாது.

ஆக்ஸ்பர்க் பவேரியா மாநிலத்தில் இருக்கிறது. அந்த மாநிலத்துக்கென்று பயர்ன் டிக்கெட் என்று ஒரு நாள் டிக்கெட் உண்டு. உங்கள் வாப்பா உம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான டிக்கெட் இல்லை என்பேன். முதல் ஆளுக்கு ஒரு விலை, கூட வரும் ஒவ்வொருவருக்கும் அதைவிடக் குறைந்த தொகை, அதிகபட்சம் ஐந்து பேர். லாத்தாவும் மச்சானும் சேர்ந்து போனால் ஆளுக்கு ஆகும் செலவு இன்னும் இறங்கிவிடும். அன்று முழுக்க மாநிலத்துக்குள் எந்த வட்டார ரயிலிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். மியூனிக்கின் சுரங்க ரயில், டிராம், பஸ் எல்லாம் அதிலேயே அடங்கும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் செல்லும். நொய்ஷ்வான்ஷ்டைன் என்ற மலை அரண்மனையைப் பார்க்க ஃபூஸன் போக வேண்டுமென்றாலும் ஆக்ஸ்பர்க்கிலிருந்து நேர் வட்டார ரயிலே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது நேரம். வேலை நாட்களில் காலை 9 மணிக்குத்தான் இந்த டிக்கெட் உயிர் பெறும். மறுநாள் விடியற்காலை 3 மணி வரை செல்லும். சனி, ஞாயிறு, அந்த மாநில விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். 8.50 வண்டியில் ஏறிவிட்டு "பத்து நிமிஷம்தானே" என்று சொன்னால் எடுபடாது. சீக்கிரம் கிளம்பியே ஆக வேண்டுமென்றால், 9 மணிக்குப் பிறகு அந்த வண்டி புறப்படும் ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் தனி டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அறுபது வயதுக்காரர்களுக்கு 9 மணி வண்டியே சுகம். வேலைக்குப் போகிற கூட்டம் அதற்குள் இறங்கியிருக்கும், ஜன்னல் ஓரம் கிடைக்கும். இன்னொன்று, பயணம் செய்பவர்களின் பெயர் டிக்கெட்டில் இருக்க வேண்டும். இயந்திரத்தில் வாங்கிய தாளில் பெயருக்கு வெற்றுக் கோடு இருந்தால் ஏறுவதற்கு முன் பேனாவால் எழுதிவிடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும்.

இந்த டிக்கெட்டோடு ஐ.சி.இ.-யில் ஏறிவிடக் கூடாது. ஆக்ஸ்பர்க்குக்கும் மியூனிக்குக்கும் நடுவே இரண்டு வகை ரயிலும் ஒரே ஸ்டேஷனிலிருந்து ஓடுகின்றன. ஐ.சி.இ. அரை மணி நேரத்தில் போய்விடும், வட்டார ரயில் முக்கால் மணி நேரம் எடுக்கும். வெள்ளை வெளேரென்று பளபளப்பாக ஒரு வண்டி முன்னால் வந்து நின்றால் நம் ஆட்களுக்கு ஏறத்தான் தோன்றும். எழுத்தைப் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும் என்று வாப்பாவிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்புங்கள்.

மாத டிக்கெட் ஒன்றும் இருக்கிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று பெயர். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள், 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், டிராம், சுரங்க ரயில், ஊர் பஸ் எல்லாவற்றிலும் அந்த மாதம் முழுவதும் போகலாம். லாத்தா வீட்டுப் பேரப்பிள்ளையைத் தினமும் பள்ளியில் விட்டுக் கூட்டிவரும் வேலை வாப்பாவுக்கு வந்து, வாரா வாரம் வெளியூரும் போவார்கள் என்றால் இது மிகவும் லாபம். மாதத்தில் இரண்டு தடவைதான் வெளியே போவோம் என்றால் பயர்ன் டிக்கெட்டே போதும்.

வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இது காலண்டர் மாதக் கணக்கு. ஜூன் 15-ல் போய் இறங்குபவர் ஜூனுக்கு வாங்கினால் பாதி வீண், ஜூலையிலிருந்து எடுக்கலாம். அடுத்து, இது தானாகவே மாதா மாதம் நீளும் சந்தா. நிறுத்த வேண்டிய மாதத்தின் 10-ம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியோடு நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்றால் ஆகஸ்ட் 10-க்குள் லாத்தா ரத்து செய்துவிட வேண்டும். மறந்தால் செப்டம்பருக்கும் பணம் போகும், வாப்பா கீழக்கரையில் இருப்பார். டிக்கெட் ஆளுக்கு ஒன்று, அவரவர் பெயரில். மச்சானுடைய டிக்கெட்டை வாப்பா கொண்டுபோக முடியாது.

அடுத்தது, இந்தப் பதிலிலேயே நான் மிக முக்கியமாக நினைப்பது. ஜெர்மனியில் ஸ்டேஷனுக்குள் நுழையக் கேட் கிடையாது. நடைமேடை வரைக்கும், ரயிலுக்குள்ளும்கூட, யாரும் டிக்கெட் கேட்காமலே போய்விட முடியும். அப்படி ஏறிவிட்டு, "டி.டி.ஆர். வந்தால் வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைப்பதுதான் ஆபத்து. சோதனைக்காரர் வரும்போது செல்லுபடியாகும் டிக்கெட் இல்லையென்றால் அபராதம் குறைந்தது 60 யூரோ. போனில் வாங்குவதாக இருந்தாலும் வண்டி புறப்படுவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

டிக்கெட் கையில் இருந்தும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. நம் ஊர் அன்ரிசர்வ்டு டிக்கெட்டில் வாங்கிய நேரம் அச்சாகியிருக்கும், 199 கிலோமீட்டர் வரைக்குமான டிக்கெட் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். அங்கே சில டிக்கெட்டுகளில் தேதியே இருக்காது. ஏறும் முன் நாமே ஒரு சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் வெறும் காகிதம். மியூனிக் நகர டிக்கெட்டுகளில் சில இந்த வகை. தேதி அச்சிட்டு வரும் பயர்ன் டிக்கெட்டுக்கு முத்திரை வேண்டாம். பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஒரு பெரியவர், மொழி தெரியாத ஊரில், பெட்டி நிறைய ஆட்கள் பார்க்க, டிக்கெட் இல்லாதவர் என்று நிறுத்தி வைக்கப்படுவதை நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை. பணம் போனால் போகிறது, அந்த மனவருத்தம் பயணம் முழுக்கக் கூடவே வரும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இத்தாலியில் இந்த விதி இன்னும் கறார். வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடை முகப்பில் இருக்கும் பெட்டியில் முத்திரை குத்தியே ஏற வேண்டும். குத்திய நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் செல்லும். பெட்டி பழுது என்றால் சும்மா ஏறி உட்காராமல், வண்டி கிளம்பும் முன்பே கண்டக்டரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். போனில் வாங்கினால் முத்திரை இல்லை, அதற்குப் பதிலாக 2023 ஆகஸ்டிலிருந்து 'செக்-இன்' வந்திருக்கிறது. டிக்கெட்டோடு வரும் இணைப்பைத் திறந்து, ஏறுவதற்கு முன் செக்-இன் செய்ய வேண்டும். செய்யாத டிக்கெட்டும் குத்தாத டிக்கெட்டும் ஒன்றுதான். வாப்பாவுக்குப் போன் பழக்கம் குறைவென்றால் காகிதமே நல்லது. ஃப்ளாரன்ஸிலிருந்து பைசா நகரத்துக்குப் போக வட்டார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், வண்டிகளும் அடிக்கடி உண்டு. அதற்குப் போய் ஊரிலிருந்தே புக் பண்ணுவது தேவையே இல்லை.

அங்கே இயந்திரத்தில் டிக்கெட் எடுக்கும்போது யாராவது பக்கத்தில் வந்து பட்டனை அழுத்தி "உதவி" செய்தால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடச் சொல்லுங்கள். பெரிய ஸ்டேஷன்களில் பர்ஸ் போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பலகையில் ஊர்ப் பெயர் ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று இருக்காது, ஃபிரென்ஸே, வெனேட்சியா என்றுதான் இருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். வெனிஸுக்கு இரண்டு பெரிய ஸ்டேஷன். மெஸ்த்ரே கரையில் இருக்கிறது, சாந்தா லூச்சியா தீவுக்குள்ளே இருக்கிறது. மண்டபத்தில் இறங்கிவிட்டு ராமேஸ்வரம் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது அல்லவா, அதே கதைதான். வேலைநிறுத்தமும் அங்கே அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலை நாளில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அவசியமான வட்டார ரயில்களை ஓட்டியே ஆக வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நேரத்துக்குப் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம்.

சரி, முன்பே எடுக்க வேண்டியவை எவை? மியூனிக்கிலிருந்து இத்தாலிக்குப் போகும் ரயிலும், இத்தாலிக்குள் ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மாதிரி தூர ஊர்களுக்கு நடுவே போகும் வேக ரயிலும். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போகும் அந்த ரயிலில் பகலில் போக வேண்டும், ஜன்னலை விட்டுக் கண் எடுக்க முடியாது. தேதி உறுதியானதும் லாத்தாவே ரயில்வேயின் சொந்தச் செயலியில் எடுத்துவிடட்டும். முன்பே எடுத்தால் நல்ல மலிவு. ஆனால் மலிவு டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். தவறவிட்டால் போனது போனதுதான்.

அதனால் ஆக்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் வரைக்கும் தனி டிக்கெட், அங்கிருந்து இத்தாலிக்குத் தனி டிக்கெட் என்று பிரித்து எடுக்காமல், ஆக்ஸ்பர்க்கிலிருந்தே ஒரே டிக்கெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட்காரர்களை அடுத்த வண்டியில் அனுப்பும் பொறுப்பு ரயில்வேக்கு உண்டு. பிரித்து எடுத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இது நம் கரைக்குப் புதிதும் அல்ல. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே டிக்கெட்டில் கடல் தாண்டிய ஊர் இது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்தப் போட் மெயில் ஓடியது. வாப்பாவின் வாப்பா அதில் போயிருந்தால் ஆச்சரியமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் கால் பங்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் பாதியும் இழப்பீடாகக் கேட்கலாம். சில வகை டிக்கெட்டுகளுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் தூர ரயில் டிக்கெட்டைப் பயணம் முடிந்ததும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

பணம் கட்டுவதில்தான் நம் ஆட்கள் அதிகம் திணறுகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும், நாமாகத் திறக்க வேண்டும். கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் திறந்து, வரம்பும் வைத்துவிடுங்கள். அட்டையின் ரகசிய எண் (PIN) வாப்பாவுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும், ஸ்டேஷன் இயந்திரம் கேட்கும். இணையத்தில் வாங்கினால் ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் ரோமிங்கில் உயிரோடு இல்லையென்றால் டிக்கெட்டும் இல்லை. இந்தத் தொல்லைக்கு, லாத்தாவின் அட்டையில் எடுத்துவிட்டுக் கணக்குத் தீர்த்துக்கொள்வதே எளிது. இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விலையில் நமக்கு நஷ்டம். கூகுளில் தேடும்போது மேலே வரும் இடைத்தரகு தளங்களில் வாங்காதீர்கள். கமிஷன் வைப்பதோடு, மலிவான வட்டார டிக்கெட்டைப் பலமுறை காட்டுவதே இல்லை.

சின்னதாக இன்னும் இரண்டு. ஜெர்மனியில் சில வட்டார ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறு ஊருக்கும் போகும். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏற வேண்டும். கதவருகே பெரிதாக 1 என்று போட்டிருந்தால் அது முதல் வகுப்பு. காலியாக இருந்தாலும் அதில் உட்காரக் கூடாது.

மலேசியாவுக்கு வருவோம். கோலாலம்பூரைச் சுற்றி ஓடும் கோமியூட்டர் ரயிலுக்கு அன்றன்றைக்கு டிக்கெட் எடுக்கலாம், கவலையே இல்லை. ஆனால் கே.எல். சென்ட்ரலிலிருந்து பினாங்குப் பக்கம் போகும் இ.டி.எஸ். என்ற தூர ரயில் அப்படி இல்லை. எல்லாம் நம்பர் போட்ட இருக்கை, நின்றுகொண்டு போக முடியாது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். நீங்கள் சொல்லும் ஆகஸ்ட் கடைசி, அவர்களுடைய 31-ம் தேதி சுதந்திர தின விடுமுறையை ஒட்டி வருகிறது. ஊருக்குப் போகிற கூட்டம் அலைமோதும். டிராவல்ஸ்காரர் காட்டிய அவசரம் பொருந்துகிற இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். அந்த நாட்டு ரயில்வேயான கே.டி.எம்.பி.யின் சொந்தத் தளத்தில் அந்தத் தேதிகளுக்கு விற்பனை திறந்ததும் எடுத்துவிடுங்கள், திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையும் எண்ணையும் அப்படியே போடுங்கள், வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம். ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த்தில் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு ஃபெரி. அதற்கு முன்பதிவு தேவையில்லை, சாச்சாவை அந்தக் கரையில் வந்து நிற்கச் சொன்னால் போதும்.